சந்தேக ஸ்டூல்

ஜனவரி 8

அன்புள்ள சகலைக்கு,

இங்கே எல்லோரும் சுகம், என் இடுப்பைத் தவிர. அங்கே நீங்களும் என் மச்சினியும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனை எடுத்தால் நாம் இருவரும் "நல்லாயிருக்கீங்களா" சொல்லி முடிப்பதற்குள் அக்காவும் தங்கையும் ஆளுக்கொரு பக்கம் பிடுங்கிக்கொள்கிறார்கள். நமக்கு மிஞ்சுவது அங்கே மழையா என்கிற கேள்வி ஒன்றுதான். அதனால் உங்கள் கம்பெனிக் கையேடுகள் வந்துபோகும் கூரியர் பையிலேயே இதையும் போடுகிறேன்.

எங்கள் மெத்தைக் கம்பெனியின் கணக்கு மென்பொருளை எடுத்துவிட்டுப் புதிய பதிப்பு போடப்போவதாக முதலாளிக்குக் கடிதம் வந்திருக்கிறது. கீழே 'திட்டப் பொறுப்பாளர்' என்று உங்கள் கையெழுத்து. வாழ்த்துகள். முதலாளி காட்டுவதற்கு முன்பே எனக்குத் தெரியும். மாமனாரைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போனேன். போகிற வழியெல்லாம் "சின்ன மாப்பிள்ளை மூளையே மூளை" என்றார். டாக்சிக்குக் காசு கொடுத்தவன் மூளையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

என் மேஜைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் உண்டு. ஆபீஸில் அதற்குச் சந்தேக ஸ்டூல் என்று பெயர். பில் மாறிப்போனாலும், மாதக் கணக்கு ஒட்டாமல் அடம் பிடித்தாலும் அதில் வந்து உட்கார்ந்து "சார், ஒரு சந்தேகம்" என்பார்கள். நான் எழுந்திருக்காமலேயே கீபோர்டில் எந்தப் பட்டனைத் தட்ட வேண்டும் என்று சொல்லிவிடுவேன். அதில் ஆள் உட்காராத நாளில் எனக்கு மதியச் சாப்பாடு இறங்காது. சிரிக்க வேண்டாம், நிஜம்.

ஆபீசுக்கு ஒருவரை 'முதன்மைப் பயனர்' என்று வைப்பீர்களாமே. முதலில் அவருக்குச் சொல்லித்தந்து, அவர் மற்றவர்களுக்குச் சொல்லித்தருவாராம். என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள், அந்த வேலை முடிந்தது. பயிற்சிக்கு நீங்களே வந்தால் நம் வீட்டில் தங்கலாம்.

அன்புடன்,
மூத்த சகலை

ஜனவரி 19

அன்புள்ள அண்ணாவுக்கு,

கடிதம் கிடைத்தது. இடுப்புக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்கிறாள் இவள். நாங்கள் நலம்.

நான் முதன்முதலாகத் தனியாக எடுத்து நடத்தும் திட்டம் இது. உங்கள் கம்பெனியைத்தான் முதலில் வைத்திருக்கிறேன். பயிற்சிக்கு நான் வர இயலாது, இங்கே இருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும். எங்களிடம் இருப்பவர்களில் நல்ல பையன் ஒருவனை அனுப்புகிறேன். பயனர்களுக்கு அவனை ரொம்பப் பிடிக்கும்.

வாஷிங் மெஷின் வாங்கலாம் என்று ஒரு வாரம் கடை கடையாக ஏறி விசாரித்து வைத்தேன். எல்லாம் கேட்டுவிட்டு உங்கள் மச்சினி, "எதுக்கும் அத்தானை ஒரு வார்த்தை கேட்டுடுங்க" என்றாள். மாமாவும் போனில் அதையேதான் சொன்னார். எந்த மாடல் என்று சொல்லுங்கள், அதையே வாங்குகிறோம்.

அக்காவுக்கு என் வணக்கம்.

அன்புள்ள,
இளைய சகலை

பிப்ரவரி 4

அன்புள்ள சகலைக்கு,

நலம். மேலே திறப்பதை வாங்காதீர்கள், முன்னால் திறப்பது நல்லது. முதன்மைப் பயனரைப் பற்றிக் கேட்டிருந்தேன், அதை நீங்கள் தொடவே இல்லை. ஏன் என்று இப்போது புரிகிறது.

உங்கள் பையன் வந்தான். வந்தவுடன் எல்லோருக்கும் 'மாதிரிக் கம்பெனி' ஒன்றைத் திறந்துகொடுத்து, "இதுல இருக்கற கடை, பில், பணம் எல்லாமே பொய். இஷ்டத்துக்குத் தப்பு பண்ணுங்க, ஒருத்தரும் திட்ட மாட்டாங்க" என்றான். அவ்வளவுதான், ஆபீஸே பள்ளிக்கூடம் விட்ட மாதிரி ஆகிவிட்டது. ஸ்டோர் கீப்பர் தன் மாமியார் பேரில் ஆயிரம் மெத்தைக்கு பில் போட்டார். என்னிடம் ஒரு சந்தேகம் கேட்கவே பத்து தடவை யோசிக்கிறவர் அவர்.

நான் என் பழைய பட்டன்களைத் தட்டிப் பார்த்தேன். ஒன்றும் வேலை செய்யவில்லை. "பழசுல இப்படி இல்லையே தம்பி" என்றேன். அவன் சிரித்தபடி ஏதோ எழுதிக்கொண்டான். மத்தியானம் வரை அதையே பலமுறை சொல்லியிருக்கிறேன் போலிருக்கிறது, ஏனென்றால் கடைசியில் நான் வாயைத் திறந்தாலே பின் வரிசையில் சிரித்தார்கள்.

சாயங்காலம் முதன்மைப் பயனர் யார் என்று அறிவித்தான். பில் போடும் பெண். ஆபீஸில் அவளுக்கு 'ஏனாம்' என்று பட்டப்பெயர். எதைச் சொன்னாலும் "ஏனாம்?" என்பாள். சேர்ந்து இரண்டு வருஷம் ஆகவில்லை. பற்று எது வரவு எது என்று அந்த ஸ்டூலில் வைத்துச் சொல்லிக்கொடுத்தது நான்.

எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். வயிறு எரிந்தது, சொல்ல வெட்கமில்லை. உங்கள் பையனிடம் ஒரு வார்த்தை சொல்லி இதைச் சரிசெய்யுங்கள்.

மூத்த சகலை

பிப்ரவரி 13

சகலைக்கு,

பதில் இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? இங்கே உங்கள் அக்கா நலம். நானும் இருக்கிறேன்.

இன்று காலை வந்து பார்க்கிறேன், ஸ்டூலைக் காணோம். ஏனாம் மேஜைக்குப் பக்கத்தில் போய் நிற்கிறது. யார் நகர்த்தினார்கள் என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. அதற்குக் கால் முளைத்துத் தானே நடந்து போயிருக்கும் போல. நாள் முழுக்க அதில் ஆள் மாற்றி ஆள். முதலாளியே ஒருமுறை உட்கார்ந்து கேட்டார். என்னிடம் கேட்டதெல்லாம் ஜன்னலைச் சாத்தட்டுமா என்பது மட்டும்தான்.

பதில் எழுதவும்.

மூத்த சகலை

பிப்ரவரி 20

அன்புள்ள அண்ணாவுக்கு,

இரண்டு கடிதங்களும் வந்தன. வேலை கழுத்து வரை. மன்னிக்கவும். நலமாக இருக்கிறோம். நீங்கள் சொன்ன மெஷினே வாங்கினோம், நன்றாகத் துவைக்கிறது.

முதன்மைப் பயனரைத் தேர்ந்தெடுப்பது எங்கள் பயிற்சிக் கையேட்டில் இருக்கும் விதிப்படி. பையன் மேல் தவறில்லை. பழைய பதிப்பில் கரை கண்டவரை வைத்தால் அவர் புதியதைப் பழையதாக மாற்றப் பார்ப்பார் என்பது அனுபவம். நிறையக் கேள்வி கேட்பவர்தான் சரிப்படுவார். இதை உங்களைக் குறித்ததாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஒன்று மட்டும். பழைய பதிப்பில் உங்களுக்கு மட்டும் தெரிந்த ஏற்பாடு ஏதாவது இருந்தால் எனக்குச் சொல்லுங்கள். சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை.

அன்புள்ள,
இளைய சகலை

பிப்ரவரி 28

மதிப்பிற்குரிய திட்டப் பொறுப்பாளர் அவர்களுக்கு,

தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் நலமென நம்புகிறேன்.

அந்த விதியை எழுதியது யார் என்று உங்கள் பையனைக் கேட்டேன். பாவம், பெருமையாகச் சொன்னான்: "எங்க சார்தான். அவர் சொந்தக்காரர் ஒருத்தரை மனசுல வெச்சு எழுதினேன்னு சொல்வார்." நான் யார் என்று அவனுக்குத் தெரியாது. நீங்கள் சொல்லி அனுப்பவில்லை.

போகட்டும். நேற்று மீட்டிங் ரூமில் எல்லோரையும் உட்கார வைத்து, "பழைய கணக்குல ஒப்புக்கு வெச்சிருக்கற கணக்கு ஏதாவது இருக்கா, மாத்தறதுக்கு முன்னாடி தெரியணும்" என்று கேட்டான். கேட்டது ஏனாமைப் பார்த்து. அவள் இல்லை என்றாள். என்னைப் பார்த்து யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் பழசு. புதுப் பதிப்புக்கு அது எதற்கு?

மாமனார் இங்கே வந்திருக்கிறார். உங்கள் படத்தைப் பக்கத்து வீட்டுக்காரருக்குக் காட்டுகிறார்.

இப்படிக்கு,
கணக்குப் பிரிவு மேலாளர்

மார்ச் 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

கோபமாக இருக்கிறீர்கள். அக்காவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

தேதி முடிவாகிவிட்டது. ஏப்ரல் மாதம் புதுப் பதிப்பில் பிறக்க வேண்டும். அதற்காக மார்ச் 28, 29 சனி ஞாயிறில் உங்கள் கணக்கை எடுத்து மாற்றுகிறோம். திங்கள் காலை எல்லோரும் புதியதில் வேலையைத் தொடங்கலாம். இது சரியாக நடந்தால் அடுத்த பதினோரு கம்பெனிகளையும் என்னிடமே தருவார்கள். நடக்காவிட்டால் என்ன ஆகும் என்று எங்கள் இயக்குநர் சொல்லவில்லை, ஆனால் புருவத்தைத் தூக்கினார்.

அந்த இரண்டு நாளும் நான் ஆபீஸில்தான் இருப்பேன். எந்த நேரமும் என்னைப் போனில் கூப்பிடலாம்.

அன்புள்ள,
இளைய சகலை

மார்ச் 27, வெள்ளி

சகலைக்கு,

நலம். உங்கள் அக்காவுக்கு முழங்கால் தேவலை.

கேட்டீர்களே என்று எழுதுகிறேன். பழுதென்று கடைகள் திருப்பி அனுப்பும் மெத்தைகளைச் சரியாக எழுதப் பழைய பதிப்பில் வழியில்லை. அதனால் பல வருஷத்துக்கு முன் நான் இல்லாத கடை ஒன்றை உண்டாக்கினேன். பெயர் 'சித்தப்பா ஏஜென்சீஸ்'. எங்கள் குடும்பத்தில் எது தொலைந்தாலும் சித்தப்பா வீட்டுப் பரணில் கிடைக்கும், அதனால் அந்தப் பெயர். திரும்பி வந்த மெத்தையெல்லாம் அந்தக் கணக்கில் போய்ச் சேரும். மாதக் கடைசி நாளன்று நான் உட்கார்ந்து அந்தந்தக் கடையின் பாக்கியில் கழித்துவிடுவேன். அது நிஜமான கடை என்றுதான் ஆபீஸில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

நாளை நீங்கள் கணக்கை எடுக்கும்போது மாதக் கடைசி நாள் வந்திருக்காது. இந்த மாத மெத்தையெல்லாம் சித்தப்பாவிடமே இருக்கும். கடைகளின் பேரில் பாக்கி குறையாமல் நிற்கும். கவனித்துக்கொள்ளவும்.

எழுதிவிட்டேன். என் கடமை தீர்ந்தது. மத்தியான கூரியர் பையில் போடுகிறேன்.

மூத்த சகலை

ஏப்ரல் 1

அண்ணா,

உங்கள் கடிதம் நேற்று, செவ்வாய்க்கிழமை வந்தது. வெள்ளிக்கிழமை தேதி போட்டிருந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் இவள் தன் அக்காவுக்கு போன் செய்தாள். அக்கா குளித்துக்கொண்டிருந்தார், நீங்கள் எடுத்தீர்கள். இவள் போனை என்னிடம் கொடுத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள். நமக்கு இடையில் பிடுங்க யாரும் இல்லை. நிறைய நேரம் இருந்தது. அங்கே மழையா என்று கேட்டீர்கள். இல்லை என்றேன்.

திங்கள் காலை புதிய பதிப்பு தானாகவே உங்கள் கடைகள் எல்லாவற்றுக்கும் மின்னஞ்சலில் பாக்கிக் கடிதம் அனுப்பிவிட்டது. திருப்பிக் கொடுத்த மெத்தைக்குப் பணம் கட்டு என்று. என்ன ஏது என்று புரியாமல் இரண்டு நாள் இங்கே ஒருவரும் தூங்கவில்லை. உங்கள் கடிதம் வந்த பிறகுதான் புரிந்தது.

இதற்கு மேல் எழுதத் தெரியவில்லை.

இளைய சகலை

ஏப்ரல் 7

அன்புள்ள சகலைக்கு,

நலம் விசாரிக்கும் முகம் எனக்கு இல்லை. இருந்தாலும் விசாரிக்கிறேன்.

நீங்கள் எழுதியது சரி. கடிதம் செவ்வாய்க்கிழமைதான் வந்து சேரும் என்று தெரிந்தே கூரியர் பையில் போட்டேன். போனில் நாக்கு நுனி வரை வந்தது. சொல்லியிருந்தால் உங்கள் திட்டம் ஜெயித்திருக்கும், மாமனார் உங்கள் படத்தை இன்னும் நாலு வீட்டில் காட்டியிருப்பார். மழையைக் கேட்டேன்.

நீங்கள் கஷ்டப்படுவீர்கள் என்றுதான் நினைத்தேன். ஆனால் அடி விழுந்தது ஏனாமுக்கு. திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் கடைக்காரர்கள் போனிலும் நேரிலும் அவளைப் பிடி பிடி என்று பிடித்தார்கள். ஒருவர் தான் திருப்பி அனுப்பிய மெத்தையை எங்கள் ஸ்டோரிலிருந்து தலையில் சுமந்து வந்து அவள் மேஜை மேலேயே போட்டார். அவள் யாரையும் கைகாட்டவில்லை. செவ்வாய் மத்தியானம் என்னிடம் வந்தாள். உட்கார ஸ்டூல் இல்லை, நின்றாள்.

"சார், எல்லாக் கடையும் சண்டைக்கு வருது. இந்த சித்தப்பா ஏஜென்சீஸ் மட்டும் வாயே திறக்க மாட்டேங்குது. அது எங்க இருக்கு?"

சொன்னேன்.

"ஏன் சார் முன்னாடியே சொல்லல?"

இரண்டு வருஷமாக அவளுடைய எல்லா ஏனுக்கும் பதில் வைத்திருந்தேன். இந்த ஏனுக்கு ஒரு நாற்காலியை இழுத்து அவளுக்குப் போட்டேன். பிறகு இருவருமாக உட்கார்ந்து மெத்தைகளைக் கடைவாரியாகப் பிரித்தோம். வியாழக்கிழமை முடிந்தது. மன்னிப்புக் கடிதங்களில் அவளே கையெழுத்துப் போட்டாள்.

இதெல்லாம் என் பங்கு. ஆனால் ஒன்று உறுத்திக்கொண்டே இருக்கிறது. மூன்று வருஷத்துக்கு முன் மாமனார் வீட்டு மொட்டை மாடியில் இந்தச் சித்தப்பா கதையை உங்களிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தீர்கள். மறந்துவிட்டீர்களா?

மூத்த சகலை

ஏப்ரல் 22

அன்புள்ள அண்ணாவுக்கு,

மறக்கவில்லை.

பதில் எழுத இரண்டு வாரம் ஆனதற்கு வேலை காரணம் இல்லை. இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

'உங்களுக்கு மட்டும் தெரிந்த ஏற்பாடு இருந்தால் சொல்லுங்கள்' என்று நான் எழுதியபோதே சித்தப்பா என் மனதில் இருந்தார். ஒரு வரியில் நானே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நீங்களாக வந்து என்னிடம் சொல்ல வேண்டும் என்று இருந்தேன். கல்யாணமான நாளிலிருந்து இந்த வீட்டில் எதுவும் உங்களைக் கேட்காமல் நடந்ததில்லை. வீடு மாற்ற, மெஷின் வாங்க, பல் பிடுங்க, எல்லாவற்றுக்கும் "அத்தானைக் கேளுங்க". மாமா இங்கே வந்தால் பெரிய மாப்பிள்ளையின் பொறுமை, பெரிய மாப்பிள்ளையின் நிதானம், அதுவே பேச்சு. அங்கே என்னைப் புகழ்கிறார் என்று உங்கள் கடிதத்தில் படித்தபோது நீங்கள் கிண்டல் செய்கிறீர்கள் என்றே நினைத்தேன். ஒரு தடவையாவது நீங்கள் என்னிடம் வந்து கேட்க வேண்டும் என்று ஆசை. விதியையும் அதற்காகத்தான் எழுதினேன். அது சரியான விதி என்பது வேறு விஷயம்.

வெள்ளிக்கிழமை போனில் சொல்லாமல் விட்டது நீங்கள் மட்டுமில்லை. மழை இல்லை என்று சொல்லிவிட்டு நானும் காத்துக்கொண்டுதான் இருந்தேன்.

திட்டத்தை வேறொருவரிடம் கொடுத்துவிட்டார்கள். நான் மறுபடி பயிற்சி கொடுக்கிற வேலைக்குப் போகிறேன். முதல் ஊர் உங்களுடையது. மே 4 முதல் ஒரு வாரம். ஹோட்டலில் அறை எடுத்திருக்கிறார்கள்.

இளைய சகலை

ஏப்ரல் 28

அன்புள்ள சகலைக்கு,

எல்லோரும் சுகம். ஹோட்டல் அறையை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். உங்கள் அக்கா மெத்தையை வெயிலில் போட்டுவிட்டாள். பழுதில்லாத மெத்தைதான், பயப்பட வேண்டாம்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் முதலில் கோபம் வந்தது. அடுத்தபடியாக, சொன்னால் நம்ப மாட்டீர்கள், சந்தோஷம் வந்தது. மாமனார் அங்கே என்னைப் புகழ்கிறாராம். இன்னும் என்னவெல்லாம் சொன்னார் என்று வரும்போது விவரமாகச் சொல்லுங்கள். நானும் என்னிடம் இருப்பதைச் சொல்கிறேன். யாருக்கு அதிகம் என்று பார்த்துவிடலாம்.

நேற்று எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. புதிய பதிப்பில் திரும்பி வந்த மெத்தையை எழுதத் தனி இடம் இருக்கிறதாம், அது எனக்குப் பிடிபடவில்லை. மத்தியானம் வரை என் மேஜையிலேயே முட்டி மோதிப் பார்த்தேன். பிறகு எழுந்து ஏனாம் மேஜைக்குப் போனேன். ஆபீஸே தட்டச்சை நிறுத்தியது. ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

உட்கார்ந்ததும் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. விழப்போய் அவள் மேஜையைப் பிடித்துக்கொண்டேன். ஒரு கால் குட்டை. இத்தனை வருஷம் என் பக்கத்தில் இருந்த ஸ்டூல், நான் ஒருநாளும் அதில் உட்கார்ந்ததில்லை.

"ஏம்மா, இது ஆடுதுன்னு தெரியாதா?" என்றேன்.

"எல்லாருக்கும் தெரியும் சார். ஒரு காலைத் தரையில ஊனிக்கிட்டு உட்காரணும்."

"ஏன் யாருமே என்கிட்ட சொல்லல?"

"நீங்க கேக்கலையே சார்" என்றாள். குத்திக் காட்டவில்லை, கேட்டதற்குப் பதில் சொன்னாள். பிறகு மெத்தையை எங்கே எழுதுவது என்று காட்டினாள். ஒரு காலை ஊன்றிக்கொண்டு கேட்டுக்கொண்டேன்.

வரும்போது உங்கள் பயிற்சிக் கையேட்டில் ஒரு பிரதி கொண்டு வாருங்கள், விதி போட்ட பதிப்பே போதும். அந்தக் காலுக்கு அடியில் வைக்க நல்ல கனமாக இருக்கும்.

அன்புடன்,
மூத்த சகலை